ஹோமை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு எந்த வழி?

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம் பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்துக்கொண்டு வருவார்கள். ஹோம் என்று நாங்கள் சொல்லும் குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைகளும் அப்படித்தான் வருவார்கள். ஆனால் அவர்களுக்கு அடுத்த வாரமே அலுவலக அறையில் ஒரு கூட்டம் இருக்கும். மேசை நிறையக் கோப்புகள். ஒரு பக்கம் வார்டன், பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் கொடுக்கும் ஆற்றுப்படுத்துநர், மாவட்டத்திலிருந்து வரும் பாதுகாப்பு அலுவலர். இன்னொரு பக்கம் என்னைப் போல சனி, ஞாயிறுகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள். இந்த வருஷம் 18 முடிகிறவர்கள் யார், அவர்கள் எங்கே போகப் போகிறார்கள் என்பதுதான் பேச்சு. திருச்சி பக்கம் உள்ள ஒரு இல்லத்தில் பல வருஷமாக இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து வருகிறேன். இதே மாதிரி மேசையில் உட்காரப் போகிற மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டில் வளரும் பிள்ளைக்கு 18 ஆனால் ஓட்டுரிமை வரும், லைசென்ஸ் எடுக்கலாம். இரவுச் சாப்பாடு அதே தட்டில்தான். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் அந்தத் தேதியில் கட்டில், தட்டு, முகவரி மூன்றும் ஒன்றாகப் போகின்றன. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் இதற்காகவே 'பிற்காப்பு' என்று ஒன்றைச் சொல்கிறது. 18 முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்கு 21 வயது வரை உதவி, தேவைப்பட்டால் 23 வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் 46-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பண உதவி 'வழங்கலாம்' என்றிருக்கிறது, 'வழங்க வேண்டும்' என்று இல்லை. அந்த ஒரு 'லாம்' இருப்பதால்தான் இந்தக் கூட்டமே தேவைப்படுகிறது.

எங்கள் கூட்டத்தில் நான்கு வழிகள் மாறி மாறி வரும். சொந்தக்காரர் வீடு, கல்லூரி விடுதி, தங்க இடம் தரும் கம்பெனி வேலை, ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வாடகை வீடு. எதில் செலவு குறைவு, எதில் பாதுகாப்பு அதிகம் என்று ரொம்ப நாள் பட்டியல் போட்டுத்தான் முடிவெடுத்தோம். ஒரு பையன் அந்தப் பட்டியலை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான்.

அவனுக்கு நல்ல இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. இல்லத்தில் கேசரி கிண்டிக் கொண்டாடினோம். அடுத்த ஜனவரியில் பொங்கலுக்கு விடுதியைப் பூட்டினார்கள். கூடப் படிப்பவர்களிடம் "ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, திருச்சியிலிருந்து மதுரைக்கும் மதுரையிலிருந்து திருச்சிக்குமாக மூன்று ராத்திரி பஸ்ஸிலேயே தூங்கியிருக்கிறான். எங்களுக்குத் தெரிய வந்தபோது மாசி பிறந்துவிட்டது. "இங்கே வந்திருக்கலாமேடா" என்றேன். "வெளிய போனவங்க ராத்திரி தங்கக் கூடாதுன்னு போர்டு இருக்கே சார்" என்றான். அவன் சொன்னது சரிதான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் 18 தாண்டியவர்களைத் தங்கவிடக் கூடாது என்று நாங்கள்தான் அந்தப் போர்டை மாட்டினோம். அதில் தப்பும் இல்லை. அவனுக்கு வேறு கதவு எது என்று யோசிக்காமல் விட்டதுதான் தப்பு.

அதற்குப் பிறகு எந்த வழியைப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். பொங்கல் லீவுக்கு இந்தப் பிள்ளை எங்கே போகும்?

சொந்தக்காரர் வீடு

சட்டத்தின் போக்கு இந்தப் பக்கம்தான். பிள்ளை குடும்பத்தில் வளர வேண்டும், இல்லம் கடைசிப் புகலிடம் என்பது அதன் அடிப்படை. அதோடு, ஹோம் என்றதும் எல்லோரும் நினைப்பது போல அங்கிருப்பவர்கள் எல்லாம் அப்பா அம்மா இருவரும் இல்லாதவர்கள் அல்ல. நான் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் ஒரு அம்மாவோ, பாட்டியோ, தாய்மாமனோ எங்கோ இருக்கிறார்கள். வறுமையாலும் குடியாலும் இரண்டாம் கல்யாணத்தாலும் வந்து சேர்ந்த பிள்ளைகள்தான் அதிகம்.

பொங்கல் கேள்விக்கு இந்த வழிதான் சுலபமாகப் பதில் சொல்கிறது. ஆனால் பத்து வருஷம் கண்ணில் படாத மாமா, பையன் 18 வயதில் ஐடிஐ முடித்து நிற்கும்போது ஏன் வருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். சில பேர் உண்மையிலேயே மனசு கேட்காமல் வருகிறார்கள். முன்பு வைத்துக் காப்பாற்ற வழியில்லை, இப்போது இருக்கிறது, அவ்வளவுதான். சில பேருக்கு வீட்டில் ஒரு சம்பளம் கூடும் என்ற கணக்கு. பெண் பிள்ளையென்றால் கணக்கு வேறு. 18 முடிந்த மாதமே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சட்டப்படி வயது வந்துவிட்டதால் யாரும் தடுக்க முடியாது. படிக்கிறேன் என்று அந்தப் பெண்ணே சொன்னால்தான் உண்டு. புதுச் சேலையோடு அழைத்துப் போக வந்திருக்கும் அத்தை முன்னால் எத்தனை பெண்கள் அதைச் சொல்வார்கள்?

இதற்கு நாங்கள் கண்ட ஒரே வழி, திடீரென்று அனுப்பாமல் இருப்பது. பிளஸ் ஒன்னிலிருந்தே லீவுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று அனுப்பிப் பார்ப்போம். திரும்பி வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இரண்டு லீவு போய்விட்டு, மூன்றாவது லீவுக்கு "தலைவலி, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லும் பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அது தலைவலி அல்ல.

கல்லூரி விடுதி

காகிதத்தில் பார்த்தால் நான்கிலும் கெட்டியான வழி இதுதான். தமிழ்நாட்டில் இதற்கு நிறையக் கைப்பிடிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அப்படிச் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் அதே 1,000. அரசு நல விடுதிகளும் இருக்கின்றன. 2025-இல் அவற்றுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பலர் கவனிப்பதில்லை. இல்லங்கள் பலவும் மிஷன் அமைப்புகள் நடத்துபவை. பக்கத்திலேயே அவர்களுடைய அரசு உதவி பெறும் பள்ளி இருக்கும், பிள்ளைகளை அங்கேதான் சேர்ப்பார்கள். மாத உதவித்தொகைகள் அந்தப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கிடைக்கின்றன. 7.5 சதவீதம் அப்படியில்லை, அரசுப் பள்ளிக்கு மட்டும்தான். ஆக 18 வயதில் எந்தக் கல்லூரி என்பதில் பாதியை, ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்று போட்ட கையெழுத்தே தீர்மானித்துவிடுகிறது. இல்லம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஜூனிலாவது அதை யோசியுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். விடுதிப் படிவம், உதவித்தொகைப் படிவம், கலந்தாய்வு எல்லாமே அதைக் கேட்கும். அப்பா யார் என்றே தெரியாத பிள்ளைக்கு என்ன செய்வது? தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இதற்கு ஒரு வரி இருக்கிறது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுவார்கள். தாலுகா அலுவலகத்தில் இதைத் தெரியாதவர்கள் உண்டு. பட்டியலின் நகலைக் கையோடு கொண்டு போங்கள். ஆனால் வரியை நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள். பத்து வயதுக்கு முன் என்றிருக்கிறது, பதினொன்றில் இழந்தவனுக்குப் பொருந்தாது. பெற்றோரை இழந்த என்றிருக்கிறது, எங்கோ உயிரோடிருந்து தேடி வராத அம்மாவின் பிள்ளைக்கும் பொருந்தாது. மகாராஷ்டிரம் 2018-இல் ஆதரவற்றோருக்கென்றே ஒரு சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தது. இந்தக் குழப்பத்தில் பாதியை அது தாண்டிவிடுகிறது என்பது என் எண்ணம்.

இதெல்லாம் கைகூடினால் மூன்று, நான்கு வருஷம் தலைக்கு மேல் கூரை உண்டு. படிப்பும் உண்டு, தன் வயதுக்காரர்களின் கூட்டும் உண்டு. ஆனால் பொங்கல் கேள்வியில் தோற்பதும் இந்த வழிதான். தீபாவளி, பொங்கல், செமஸ்டர் லீவு, மே மாதம் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வருஷத்தில் இரண்டரை, மூன்று மாதம் விடுதியில் சாப்பாடு இருக்காது. அதனால் விடுதியைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிவுதான். லீவுக்கு ஒரு வீடு என்பது மீதிப் பாதி.

தங்க இடம் தரும் வேலை

படிப்பில் நாட்டமில்லாதவர்களுக்கும் உடனே கையில் காசு பார்க்க வேண்டும் என்பவர்களுக்கும் இது. ஹோமில் வளர்ந்தவர்களில் இப்படி நிறையப் பேர். பதினைந்து வருஷம் கொடுத்ததை வாங்கிக்கொண்டே இருந்தவனுக்குத் தன் சம்பளத்தில் ஒரு பேண்ட் எடுப்பது பெரிய விஷயம். அதை யாரும் இளக்காரமாகப் பேசக் கூடாது.

திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தங்குமிடத்தோடு வேலை கிடைக்கிறது. பெரிய அளவிலும் வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய வளாகத்தை சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நூற்பாலை விடுதிகளின் பழைய கதையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கூட்டிப் போய், வெளியே விடாமல் வைத்திருந்த 'சுமங்கலித் திட்ட' ஆலைகளைக் கொங்குப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. இன்னமும் ஒரு ஏஜென்ட் வந்து மொத்தத் தொகை என்று பேச்செடுத்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இந்த வழியில் பெரிய ஓட்டை ஒன்றுதான். வேலை போகிற அன்றே வீடும் போய்விடும். வீட்டுப் பிள்ளைக்கு வேலை போனால் திட்டு விழும், சோறும் கிடைக்கும். இவர்களுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்ட். அது தெரிந்திருப்பதால் சூப்பர்வைசர் என்ன பேசினாலும் பொறுத்துக்கொள்கிறார்கள், ஓவர்டைம் காசைக் கேட்கவும் பயப்படுகிறார்கள். மூன்று மாதச் சம்பளம் கணக்கில் சேரும் வரை இவர்கள் பெயருக்கு வெளியே எங்கேயாவது ஒரு கட்டில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு சமாளித்துக்கொள்வார்கள்.

ஐடிஐ இங்கே ஒரு நடுவழி. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. ஒன்றிரண்டு வருஷத்தில் முடிந்துவிடும். பிட்டர், வெல்டர், ஏசி மெக்கானிக் படித்த பையன்கள் காலி வயிற்றோடு நின்றதை நான் பார்த்ததில்லை.

சேர்ந்து ஒரு வீடு

இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்துக்காக 2016-இல் வந்த 'மாதிரி விதிகள்' என்பதில் பிற்காப்பு உதவிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்று, ஆறு முதல் எட்டு பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழு வீடு. தொழிற்பயிற்சிக்கான உதவித்தொகை, வேலைக்கு ஏற்பாடு, சொந்தத் தொழிலுக்குக் கடன் எல்லாம் அதே பட்டியலில் உண்டு. அரசு நடத்தும் பிற்காப்பு இல்லங்களும் இருக்கின்றன, ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே பெரும்பாலும் தொண்டு நிறுவனமோ, இல்லமோ, என்னைப் போன்ற நாலு பேரோ முன்னால் நின்று வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் தடை வீட்டுக்காரர். "பேச்சிலருக்குத் தர்றதில்லை" என்று ஆரம்பிப்பார். அதைத் தாண்டினால், "தம்பிக்கு எந்த ஊரு? அப்பா என்ன பண்றார்? நீங்க என்ன ஆளுங்க?" இந்த மூன்று கேள்விகளுக்கும் எங்கள் பையன்களிடம் பதில் கிடையாது. உண்மையைச் சொன்னால் முகம் மாறும். பொய் சொன்னால் ஒரு மாதத்தில் வெளியே வந்துவிடும். நாங்கள் மூன்று தெரு அலைந்து, கடைசியில் ஓய்வு பெற்ற ஒரு ரயில்வேக்காரரின் மாடியைப் பிடித்தோம். ஒப்பந்தம் என் பெயரில். அட்வான்ஸை நாலு பேர் பங்கு போட்டோம். "அப்பா அம்மா இல்லாத பசங்கன்னா சத்தம் போட ஆள் வராதுல்ல" என்றார் அவர். ஒரு விதத்தில் அவர் சொன்னது சரி.

ஆறு பேர் குடி போனார்கள். அரிசி, பருப்பு, ஸ்டவ், ஆளுக்கொரு பாய், தலையணை என்று எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. "சார், உப்பு எங்க கிடைக்கும்?" கிண்டல் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன். இல்லை. பதினாலு வருஷம் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் படுத்தவன் அவன். உப்பு ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருள் என்பது அவன் வாழ்க்கையில் அதுவரை நடந்ததே இல்லை. அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், சிலிண்டர் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, கரண்ட் பில் எங்கே கட்டுவது, காய்ச்சலுக்கு அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எந்த ஜன்னலில் என்று வரிசையாக வந்தது. டிரிகோனாமெட்ரி எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

முதல் மாதம் அரிசி இருபது நாளில் தீர்ந்தது. இரண்டாம் மாதம் சண்டை. மூன்றாம் மாதம் அவர்களே சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். யார் என்றைக்குச் சமையல், யார் பாத்திரம், வாடகையை எந்தத் தேதிக்குள் யாரிடம் கொடுப்பது என்று எழுதியிருந்தது. அதில் என் கை எதுவும் இல்லை. ஒரு பையன் வாடகை தராமல் இழுத்தபோது, அவனை உட்கார வைத்துப் பேசியதும் மற்ற ஐந்து பேர்தான். விடுதியிலோ கம்பெனி குவார்ட்டர்ஸிலோ இது நடக்காது. அங்கே சமையல் வேறொருவர் பொறுப்பு, விதியும் வேறொருவருடையது. தப்பு செய்து, அதன் விலையைக் கொஞ்சமாகக் கொடுத்து, மறுபடி எழுந்திருக்க இந்த வீட்டில்தான் இடமிருக்கிறது.

குறை இல்லாமலில்லை. ஒருவன் குடிக்கக் கற்றுக்கொண்டால் ஆறு பேருக்கும் அந்தப் பழக்கம் எட்டும். நான் வாரத்தில் ஒரு நாளாவது போய் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவேன். அதைக் கண்காணிப்பு என்று அவர்கள் எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பல மாதம் ஆனது. ஹோமே இடம் மாறி வந்தது போல ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. வெளியாட்கள் யாரோடும் பழகாமல் ஆறு பேரும் தங்களுக்குள்ளேயே சுருங்கிவிடுவார்கள். பெண்களுக்கு இதே மாதிரி ஒரு வீடு பிடிக்க நாங்கள் இரண்டு முறை முயன்று விட்டுவிட்டோம். தெருவும் சம்மதிக்கவில்லை, எங்களுக்கும் தைரியம் வரவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அரசின் தோழி விடுதி நல்ல ஏற்பாடு. வேலை இன்னும் கிடைக்காத பெண்ணுக்கு அதுவும் இல்லை.

பொங்கலுக்கு? சாவி அவர்கள் கையில்தானே இருக்கிறது. முதல் வருஷம் மாடியிலேயே பானை வைத்துப் பொங்கினார்கள். கல்லூரி விடுதிப் பையனும் இரண்டு நாள் அங்கே வந்து படுத்துக்கொண்டான்.

மாதாமாதமா, மொத்தமாகவா

எந்த வழியானாலும் காசு வேண்டும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் வழிகாட்டுதல்படி பிற்காப்புக்கு ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய். அதற்கு முந்தைய திட்டத்தில் 2,000 இருந்தது. இந்த 4,000-ஐ வைத்து எங்கள் மாடி வீட்டுக் கணக்கைப் பாருங்கள். வாடகைப் பங்கு 1,500. சாப்பாடு, கேஸ் 1,800. போன் 300. மீதி 400-இல் பஸ், சோப்பு, முடிவெட்டு, செருப்பு. ஆறு பேர் சேர்ந்தால் இப்படி இழுத்துப் பிடிக்கலாம். தனி அறை எடுத்தால் வாடகைக்கே போய்விடும். உதவித்தொகையின் அளவே குழு வீட்டுக்குத்தான் சரியாக வருகிறது.

ஒரு சின்ன விஷயம் பெரிதாகக் கடிக்கும். மைனர் பெயரில் இருந்த வங்கிக் கணக்கை 18 முடிந்ததும் மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். புதுக் கையெழுத்து, புது முகவரிச் சான்று கேட்பார்கள். ஹோமின் முகவரி அப்போது அவனுடையதாக இருக்காது. ஹோமை விட்டுப் போவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஆதார் முகவரியும் அப்படித்தான்.

மொத்தமாகக் கொடுக்கும் திட்டங்களும் உண்டு. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் தமிழ்நாடு அரசு 2021-இல் 5 லட்சம் ரூபாய் வைப்பு போட்டது, 18 முடிந்ததும் வட்டியோடு கிடைக்கும்படி. அன்றைக்கு 14 வயதில் இருந்தவர்கள் 2025-இல் 18-ஐத் தொட்டார்கள். 5 லட்சம் கைக்கு வரும் வருஷம் சொந்தக்காரர்களின் ஞாபகசக்தி கூர்மையாகிவிடும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மத்திய அரசின் பிஎம் கேர்ஸ் திட்டம் இதையே வேறு மாதிரி அமைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு 10 லட்சம், ஆனால் 18-இல் கையில் தருவதில்லை. 18 முதல் 23 வரை மாதாமாதம் ஒரு தொகை, 23 ஆனதும்தான் முழுப் பணம். எனக்கு இந்த வடிவம் பிடித்திருக்கிறது. 18-க்கும் 23-க்கும் நடுவில் ஒரு பையன் எத்தனை பேரை நம்பி ஏமாந்து எழுந்திருக்கிறான் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இமாசலப் பிரதேசம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2023-இல் தனிச் சட்டமே போட்டு, ஆதரவற்ற பிள்ளைகளை 'மாநிலத்தின் பிள்ளைகள்' என்று அறிவித்தது. 27 வயது வரை உதவி, மாதம் 4,000 கைச்செலவுக்கு, நிலமில்லாதவர்களுக்கு 3 பிஸ்வா (அந்தப் பக்கத்து நில அளவு) நிலம், வீடு கட்டப் பணம். வருஷத்துக்கு ஒரு முறை சுற்றுலாகூட உண்டு. சுற்றுலாவைப் படித்துவிட்டு எங்கள் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு முடிந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் எங்கே போனோம் என்று பேசும்போது சொல்வதற்கு ஒரு ஊர் வேண்டும் அல்லவா?

வெளிநாட்டில் இதை ரொம்ப நாளாகப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 21 வயது வரை பராமரிப்பில் வைத்துக்கொண்ட காலத்தில், பக்கத்து அயோவாவும் விஸ்கான்சினும் 18-இல் வெளியே விட்டன. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று மாநிலத்துப் பிள்ளைகளையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 21 வரை இருக்க முடிந்தவர்கள்தான் அதிகமாகக் கல்லூரிக்குப் போனார்கள். அப்புறம் 2008-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், 21 வரை நீட்டிக்கும் மாநிலங்களுக்குப் பணம் தர வழி செய்தது. இங்கிலாந்தில் வளர்ப்புக் குடும்பமும் பிள்ளையும் விரும்பினால் 21 வரை அதே வீட்டில் இருக்க 2014 முதல் சட்டமே இடம் கொடுக்கிறது. வேல்ஸில் 2022-இல் 18 முடிந்து வெளிவந்தவர்களுக்கு மாதம் 1,600 பவுண்டு, இரண்டு வருஷத்துக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். நம் ஊருக்கு இதில் இங்கிலாந்து வழிதான் தோதானது என்று எனக்குப் படுகிறது. ஆனால் இங்கே வளர்ப்புக் குடும்பங்களே மிகக் குறைவு, அதனால் அதை ஐந்தாவது வழியாகச் சேர்க்க முடியவில்லை.

யாருக்கு எது

நான் இப்போது எடுக்கும் நிலை இதுதான். போய் வந்து பழகிய, பிள்ளை தானாகக் கேட்கும் சொந்தக்காரர் வீடு இருந்தால் மற்ற எதையும் யோசிக்க வேண்டாம், அனுப்பலாம். கூடவே மாத உதவித்தொகை பிள்ளையின் கணக்குக்கே வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், மாமாவின் கணக்குக்கு அல்ல. மார்க் இருக்கும் பிள்ளைக்கு விடுதி, ஆனால் லீவு வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு. கை வேலையில் நாட்டமுள்ள பையனுக்கு ஐடிஐயும் சேர்ந்த வீடும். நேராகக் கம்பெனி வேலை என்பதை நான் கடைசியில் வைப்பேன். முதல் ஆறு மாதம் வெளியே ஒரு கட்டில் இருந்தால் மட்டும் சரி. பெண்களைப் பொறுத்தவரை விடுதியோடு படிப்புதான் முதலில், ஏனென்றால் அது மூன்று வருஷ அவகாசம் வாங்கித் தருகிறது. மனவளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைகளுக்கு இதில் எதுவுமே பொருந்தாது, அது வேறு கட்டுரை.

எங்கள் வார்டன் அக்கா என்னைவிடக் கறார். கூட்டத்தில் நிரப்பும் தாளில் போன வருஷம் அவரே ஒரு கட்டம் கூட்டிவிட்டார். 'பொங்கலுக்கு யார் வீடு' என்று தலைப்பு. பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டும், அந்த ஆளின் கையெழுத்தும் வேண்டும். இந்த வருஷம் ஏழு பேர். ஐந்து பேருக்கு நிரப்பியாயிற்று. ஒன்றில் என் மனைவி கையெழுத்துப் போட்டிருக்கிறாள், ஒன்றில் அந்த ரயில்வேக்காரர். இன்னும் இரண்டு தாள் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் பிடிக்காவிட்டால் கோப்பில் தான் கையெழுத்துப் போடப் போவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டார்.